ஊசியிலையில் படிந்த வரலாறு

1934-35ல் இலங்கையை வாட்டிய மலேரியாவுக்கு ஏறத்தாழ 80,000 பேர் பலியாயினர். வறட்சியாலும் பசியாலும் முன்னரே நலிந்திருந்த ஏழைக் கிராமத்தவரே அவர்களுட் பெரும்பாலோர். 1946 முதல், குளோரின் சேர்ந்த டி.டி.டி. மருந்து நாடெங்கும் வீடுதோறும் தெளிக்கப்பட்டது. 1963ல் நோயுற்றோராகப் பதிவானவர் 17 பேர் மட்டுமே. பின்னர் நோய் மீண்டும் பரவியதாயினும், அந்த நன்மையை நாம் மறத்தலாகாது.

ஆனால் அதே மருந்து அமெரிக்கப் பருத்தி வயல்களில் இலாபத்துக்காகத் தொன் கணக்கில் கொட்டப்பட்டது. 1972ல்தான் அங்கு அது தடைசெய்யப்பட்டது. எளிதில் அழியாத அந்நஞ்சு வெப்ப நிலங்களில் ஆவியாகி, காற்றோடு சென்று, குளிர்நாடுகளிற் படிகின்றது. அங்குள்ள பைன் முதலிய ஊசியிலை மரங்களின் இலைகள் ஆண்டுக்கணக்கில் உதிராதிருப்பவை. அவற்றின் மெழுகுப் படலம் நஞ்சை ஈர்த்துச் சேர்க்கின்றது. இலை உதிர்கையில் அது மண்ணையும் அடைகின்றது. தொழிற்சாலைகளிற் பயன்படும் குளோரின் கரைப்பான்கள் சிலவோ, காற்றிற் சிதைந்து, முன்பு களைக்கொல்லியாக விற்கப்பட்ட ஓர் அமிலமாக மாறுகின்றன. அவ்வமிலம் ஊசியிலைகளுக்குட் புகுந்து மரத்தின் வளர்ச்சியைப் பாதிக்கவல்லது.

2001ல் உருவான ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை டி.டி.டி.யை நோய் பரப்பும் பூச்சிகளைத் தடுப்பதற்கு மட்டுமே அனுமதித்தது. மக்களின் தேவை வகுத்த அவ்வெல்லையைச் சந்தை அரை நூற்றாண்டுக்கு முன்பே மீறியிருந்தது. இவ்விரண்டு வரலாறுகளையும் நம் மாணவருக்குச் சேர்த்தே கற்பிப்போம்.