ஹெராயின்

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்து பிரித்த மார்பினை வேதிமுறையில் மாற்றினால் கிடைப்பது ஹெராயின். மட்டமான வகைக்குத் தெருப்பெயர் 'பிரவுன் சுகர்'. 1874இல் லண்டனில் ஆல்டர் ரைட் இதை முதலில் தயாரித்தார். 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இருமல் மருந்தாக விற்றது. மார்பினைப்போல் அடிமையாக்காது என்று நம்பினார்கள். உடலுக்குள் சென்றதும் இது மார்பினாகவே மாறுகிறது, மூளையை எட்டுவது மட்டும் அதைவிட விரைவு. பிரிட்டன் மருத்துவமனைகளில் கடும் வலிக்கு இன்றும் கொடுக்கிறார்கள். இந்தியாவில் அந்த வேலைக்கு மார்பின் இருக்கிறது.

தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள கடல், ஆப்கானிஸ்தான் ஹெராயின் இலங்கைக்குப் போகும் வழிகளில் ஒன்று. 2020 நவம்பரில் 'ஷெனயா துவ' என்ற இலங்கைப் படகை இந்தியக் கடலோரக் காவல்படை அங்கே மடக்கியது. காலி எரிபொருள் தொட்டிக்குள் 99 பொட்டலங்களில் சுமார் 100 கிலோ ஹெராயின் இருந்தது, கைத்துப்பாக்கிகளும் சிக்கின. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் 250 கிராம் ஹெராயினே வணிக அளவு; அதற்கே குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல்.

ஹெராயின் அளவு மீறினால் உயிரைப் பறிப்பது மூச்சு அடங்குவதுதான். மூளைத்தண்டில் சுவாசத்தை நடத்தும் பகுதி மந்தமாகிவிடும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், உதடு நீலம்பாரிக்கும், குறட்டைபோல் தொண்டை கரகரக்கும். போதையில் தூங்குகிறார் என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. உடனே 108ஐ அழைக்க வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், நின்றுபோனால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். மாற்று மருந்தான நலக்சோன் சில நிமிடங்களில் மூச்சை மீட்கும். ஆனால் அதன் பலன் பெரும்பாலும் 30 முதல் 90 நிமிடம்வரைதான். அது தணிந்ததும் மூச்சு மறுபடி அடங்கலாம். அதனால் விழித்துக்கொண்டவரையும் மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பது கட்டாயம். மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ திரும்பியவர் பழைய அளவையே எடுத்தால் உயிருக்கே ஆபத்து, ஏனெனில் உடலின் தாங்குதிறன் அதற்குள் குறைந்திருக்கும். மது, தூக்க மாத்திரை சேர்ந்தாலும் ஆபத்து கூடும். பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கு நாக்கடியில் கரையும் புப்ரெனார்ஃபின் மாத்திரை அரசு மையங்களில் தரப்படுகிறது.

ஹெராயின்மீதான அச்சம் மார்பினையும் பிடித்துக்கொண்டது பெருங்கொடுமை. 1985 சட்டத்தின் உரிமக் கெடுபிடிகளுக்கு அஞ்சிப் பல மருத்துவமனைகள் மார்பின் வைப்பதையே கைவிட்டன. புற்றுநோயாளிகள் வலியில் துடித்தார்கள். மருத்துவர் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டும் மார்பின் மாத்திரையால் மூச்சு நிற்பது அரிது. மலச்சிக்கல்தான் வழக்கமான தொல்லை. 2014 சட்டத்திருத்தத்தின்படி மார்பின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட 6 மருந்துகளை வாங்கி வைக்க, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனத்துக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே ஒப்புதல் போதும்.