இலண்டன் கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லத்தின் மருத்துவ ஏற்பாடு (1741–1760)

தாமஸ் கோரம் 1739இல் அரச சாசனம் பெற்று நிறுவிய இவ்வில்லம், 1741இல் முதற் குழந்தைகளை ஏற்றது. சிசுக்கள் நாட்டுப்புறச் செவிலித்தாயரிடம் பாலுண்டு வளர்ந்தன. அத்தாயரைக் கண்காணிக்க ஆங்காங்கே மேற்பார்வையாளர் இருந்தனர். ஐந்து வயதளவில் இல்லம் மீண்ட பிள்ளைகளுக்கு அம்மை குத்தப்பட்டது. இது ஜென்னரின் தடுப்பூசிக்கு முந்தைய முறை. பின்னாளில் இல்ல மருத்துவரான வில்லியம் கடோகன், சிசுக்களைத் துணியால் இறுகச் சுற்றும் வழக்கத்தை 1748ஆம் ஆண்டுச் சிறுநூலில் கண்டித்தார்.

1756இல் நாடாளுமன்றம் நிதி வழங்கியது; வரும் சிசுக்கள் அனைத்தையும் ஏற்றல் வேண்டும் என்பது நிபந்தனை. 1760க்குள் ஏறத்தாழ 15,000 குழந்தைகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் மூன்றில் இருபங்கு மாண்டன. இதற்கு மருத்துவ அறிவின் குறையைக் காரணமாக்குதல் பொருந்தாது, அவ்வறிவு முன்பிருந்ததே. செவிலித்தாயர்தாம் போதவில்லை. தொலைவிலிருந்து கூடைகளில் சுமந்துவரப்பட்ட சிசுக்கள் பல, வாயிலை அடையும்போதே குற்றுயிராயிருந்தன.