மூணாற்றுப் பழம்படங்கள்

வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவுக்கு வருகின்றன. கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை வேரூன்றிய காலத்தை அறிய விழைவோருக்கு அவை இரண்டும் கைகொடுப்பதில்லை. மறையூர்ப் பக்கத்தில் கற்பதுக்கைகள் உண்டு. ஆனால் அவை மிகத் தொன்மையான வேறொரு காலத்தின் கதையைச் சொல்பவை. தேயிலைக் காலத்துக்குச் சான்று பகர்பவை கம்பெனியின் கணக்கேடுகளும் மங்கிப்போன புகைப்படங்களுமே. கணக்கேட்டில் கூலி இருக்கும், முகம் இராது. ஆதலின் படங்களையே நாம் நாட வேண்டியிருக்கிறது.

1877 ஆம் ஆண்டில் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்பவர் இம்மலைகளை உரிமையாகப் பெற்றார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் அழைத்துவர, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து தமிழ் மக்கள் மலையேறினர்.

விளைந்த தேயிலையைக் கீழே இறக்குவது பெரும்பாடாயிருந்தது. 1902 இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போடப்பட்டது. வண்டியின் சிறு சக்கரம் தண்டவாளத்தின் மீதும், பெருஞ்சக்கரம் பக்கத்துச் சாலையின் மீதும் உருளும். இழுத்தவை எருதுகள்! 1908 இல் அதனை அகற்றி, இரண்டடி அகலமுள்ள இருப்புப்பாதை அமைத்து, நீராவி என்ஜினை ஓட்டினர். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தின் வழியே தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர் செல்லும்.

1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099 இல், பெருமழை பெய்தது. மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று சொல்லும் அவ்வெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்தது. அது மீண்டும் எழவேயில்லை. மலையுச்சியில் இரயில் இல்லாத ஊருக்கு 'ஸ்டேஷன்' என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நல்லதண்ணித் தோட்டத்தில் 2005 இல் தொடங்கிய தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த இரயிலின் சக்கரம் ஒன்று இருக்கிறது. 1913 இல் நாசரேத்துக் கைத்தொழிற் பள்ளியில் செய்த நிழற்கடிகாரமும் அங்கே உண்டு. மேகம் விலகாத மூணாற்றுக்கு நிழற்கடிகாரம் வாங்கியவரின் நம்பிக்கையை வியவாமல் இருக்க இயலாது! எனினும் சக்கரத்தை வைத்து ஒரு இரயிலை மனத்தில் ஓட்டிப் பார்த்தல் அரிது. அது ஓடிற்று என்பதைக் கண்ணுக்குக் காட்டுபவை பழைய படங்களே.

அப்படங்களை எடுத்தவர் எவரும் வரலாறு எழுதும் கருத்தோடு எடுத்திலர். தாம் கட்டிய பாலத்தையும் வளர்த்த செடியையும் சீமையிலுள்ள உறவினர்க்குக் காட்ட எடுத்தனர். ஆகவே நடுவில் துரையோ என்ஜினோ நிற்பதைக் கண்டு வியப்பதற்கில்லை. நமக்கு வேண்டுவன பெரும்பாலும் ஓரங்களில் உள்ளன: கம்பளி போர்த்த தோள், கொழுந்துக் கூடை, செருப்பில்லாத கால். மேகம் கவிந்த நாளில் படத்தகட்டுக்கு ஒளி போதாது. அப்பொழுது அசைந்த முகம் புகைபோலப் பதியும். துரையின் பெயர் படத்தின் கீழே இருக்கும். மற்றவர் 'கூலிகள்' என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுவர். இதனை நான் சிறு குறையென்று கருதவில்லை.

பிற்காலத்தில் தொழிலாளர் தாமே ஸ்டூடியோவுக்குச் சென்று படம் எடுத்துக்கொண்டனர். லயத்துச் சுவரில் தொங்கும் மணக்கோலப் படத்தில் எவரும் ஓரத்தில் நிற்பதில்லை. ஆனால் மலையின் ஈரம் அப்படங்களைப் பூசணத்துக்கு இரையாக்குகிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழகத்து ஸ்டூடியோக்களின் பழம்படங்களைத் தேடிப் படியெடுத்தது. மலைத்தோட்டங்களின் வீடுகளிலும் அத்தகைய தேட்டம் நடைபெறல் வேண்டும்.

காலம் தாழ்த்தலாகாது என்பதற்குக் காரணம் உண்டு. 2020 ஆகஸ்டு 6 ஆம் நாள் இரவு, இராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. மாண்டவர் 70 பேர். அவருள் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. சுவரோடு சுவரிலிருந்த படங்களும் மண்ணுள் போயின. வேறு ஊரிலுள்ள உறவினர் எவரேனும் ஒரு திருமணப் படத்தைப் பேணி வைத்திருந்தால், அக்குடும்பத்துக்கு எஞ்சிய முகம் அதுவே.

அத்தகைய படம் தம்மிடம் உடையோர் அதன் பின்புறத்தில், மையால் அன்றி மெல்லிய பென்சிலால், நிற்பவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் இன்றே எழுதி வைக்கலாம். பெயர் சொல்ல அறிந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.