தீ தீண்டாத மரணம்

அயலில் நெருப்பென்றால் வாளியெடுத்து ஓடுவது ஊர் வழக்கம். ஓட முடியாத இரவும் ஒன்றிருந்தது.

மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்காக யாழ்ப்பாணத்தில் பொலிஸார் குவிக்கப்பட்டிருந்தனர். 1981 மே 31 அன்று கூட்டமொன்றில் பொலிஸார் சிலர் சுடப்பட்டனர். அன்றிரவு பொலிஸார் தொடங்கிய வெறியாட்டத்தில் ‘ஈழநாடு’ நாளிதழ் அலுவலகம் எரிந்தது. பொது நூலகமும் எரிந்தது. சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின.

அருகிலிருந்த புனித பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து அந்நெருப்பைக் கண்டார் பன்மொழிப் புலவர் தாவீது அடிகள். கண்ட அதிர்ச்சியிலேயே உயிர்நீத்தார். தீ அவரைத் தீண்டவில்லை.

நூலகம் பின்னர் மீண்டும் திறக்கப்பட்டது. கட்டடத்தை மீட்டோம், படியெடுக்காத சுவடிகளை மீட்க வழியில்லை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஏடோ இதழோ கிடந்தால், நண்பர்களே, இன்றே படியெடுத்து வையுங்கள்.