பிடல் காஸ்ட்ரோ இரங்கலுரை நிகழ்த்திய புல் விஞ்ஞானி

கியூபாவின் முன்னாள் ஜனாதிபதி பிடல் காஸ்ட்ரோ 2016 நவம்பர் 25ஆம் திகதி காலமானபோது, கட்டுரையொன்றை எழுதுவதற்காக அவரது பழைய உரைகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏகாதிபத்தியம், புரட்சி, சீனி உற்பத்தி என்று நீண்டுசென்ற அந்தப் பட்டியலின் நடுவே, 1964 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் இறுதி நிகழ்வில் ஆற்றிய உரையொன்றும் இருந்தது. இறந்தவர் அரசியல்வாதியும் அல்ல. கெரில்லாப் போராளியும் அல்ல. பசுக்கள் புல் மேய்வதைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அன்றைய கட்டுரையில் அவருக்கு இடமளிக்க முடியவில்லை. இப்போதுதான் அதற்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

ஆந்திரே வுவாஸான் 1903ஆம் ஆண்டு வடபிரான்ஸின் டீயப் துறைமுக நகரில் பிறந்தவர். இரசாயனவியல் கற்ற அவர், நோர்மண்டியில் தமது பண்ணையை நடத்தியவாறே அல்போர்ட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராகவும் விளங்கினார். புல்லின் உற்பத்தித்திறன் பற்றிய அவரது பிரதான நூல் 1957இல் பிரெஞ்சிலும் இரு வருடங்கள் கழித்து ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

மேய்ச்சல் தரையைப் பல கூறுகளாகப் பிரித்து மாடுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் முறையை வுவாஸான் கண்டுபிடிக்கவில்லை. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் அன்டர்சன் 18ஆம் நூற்றாண்டிலேயே அதைப் பற்றி எழுதியிருந்தார். ஆனால், வேலிகளைப் போட்டு நாட்காட்டியைப் பார்த்து மாடுகளை நகர்த்திய பலர் தோல்வியையே கண்டார்கள். ஏன் தோற்றார்கள் என்பதை விளக்கியதுதான் வுவாஸானின் சாதனை. ஒரு காணியில் எத்தனை மாடுகள் நிற்கின்றன என்பதை மாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தவர்களிடம், ஒவ்வொரு புல்லும் எத்தனை நாட்களுக்கு ஒருமுறை கடிபடுகிறது என்று அவர் கேட்டார்.

கடிபட்ட புல்லில் இலை மிகவும் குறைவு. எனவே, வேரிலும் அடித்தண்டிலும் சேமித்துவைத்திருக்கும் சத்தைச் செலவழித்தே அது மீண்டும் துளிர்க்கிறது. முதல் சில நாட்களில் வளர்ச்சி மந்தமாகவே இருக்கும். இலைப்பரப்பு போதியளவு விரிந்த பின்னர் திடீரென்று வேகம் பிறக்கும். முற்றிப் பூக்கத் தொடங்கினால் அந்த வேகம் தணியும். மாடு ஒரே இடத்தில் பல நாட்கள் நின்றால் முற்றிய புல்லை விட்டுவிட்டு, நேற்றுக் கடித்த இடத்தில் இன்று முளைத்த தளிரையே நாடும். சேமிப்பை இழந்த புல் இரண்டாவது தடவையும் கடிபட்டால் நலிந்துபோகும். ஆகவே, புல்லுக்கு ஓய்வு நீண்டதாக இருக்கவேண்டும். மாடு தங்கும் காலம் குறுகியதாக இருக்கவேண்டும். பால் சீராகக் கிடைக்கவேண்டுமானால் ஒரே கூறில் மூன்று நாட்களுக்கு மேல் எந்தப் பசுவும் நிற்கக்கூடாது என்றும், ஒரு நாள் மாத்திரம் நின்றால் பால் உச்ச அளவில் கிடைக்கும் என்றும் அவர் கூறினார். அதிக பால் தரும் பசுக்கள் முதலில் மேய்ந்து நுனியைத் தின்னட்டும். ஏனையவை பின்னால் வரட்டும் என்பதும் அவரது விதிகளில் ஒன்று.

அந்த ஓய்வு எத்தனை நாட்கள்? வடமேற்கு பிரான்ஸில் மே, ஜூன் மாதங்களில் சுமார் 18 நாட்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் அதன் இருமடங்கு, அதாவது சுமார் 36 நாட்கள். இங்கேதான் விவசாயி வழுக்கிவிழுந்தான். கோடையின் பிற்பகுதியில் வளர்ச்சி குன்றும்போது ஒவ்வொரு கூறிலும் புல் குறைவாகவே இருக்கும். மாடுகள் அதை விரைவாகத் தின்று முடித்துவிடும். உடனே அடுத்த கூறுக்கு ஓட்டுவான். சுற்று வேகமாக முடியும். அதிக ஓய்வு தேவைப்படும் காலத்திலேயே புல்லுக்குக் குறைந்த ஓய்வு கிடைக்கும். அடுத்த சுற்றில் புல் மேலும் குறையும். மாடுகளை இன்னும் விரைவாக ஓட்டவேண்டியிருக்கும். இறுதியில் முழுக் காணியும் வெறிச்சோடிப்போகும். குற்றம் முறையின் மீது விழும்! வசந்தகாலத்தில் சில கூறுகளை ஒதுக்கி வைக்கோலுக்கு வெட்டிவைத்து, வரட்சி தொடங்கியதும் அவற்றையும் சுற்றில் சேர்க்கவேண்டும் என்பதே வுவாஸானின் பரிகாரம்.

இதை நடைமுறையில் எளிதாக்கியது மின்வேலி. நியூஸிலாந்தின் ஹமில்டனைச் சேர்ந்த பில் கலஹர் 1930களில் மின்வேலியொன்றை உருவாக்கினார். எமது தேநீர்க் கோப்பைக்கு வரும் பால்மாவின் பெரும்பகுதி, சுழற்சி முறை மேய்ச்சல் வழமையாகிவிட்ட அந்த நாட்டிலிருந்தே வருகிறது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் பால்மாவுக்காக வரிசையில் நின்ற இலங்கையர்களில் நானும் ஒருவன். ஆனால், அதே நியூஸிலாந்தில் மக்மீக்கனும் வோல்ஷும் 1963இல் வெளியிட்ட ஆய்வு, மேய்ச்சல் முறையை விடவும் ஹெக்டேயருக்கு எத்தனை மாடுகள் என்பதே உற்பத்தியைக் கூடுதலாகத் தீர்மானிக்கிறது என்று கண்டது. நிலம் தாங்கக்கூடிய எல்லையை மாடுகளின் தொகை நெருங்கும்போதே சுழற்சியின் பயன் துலக்கமாகத் தெரிகிறது. வுவாஸானின் சீடர்கள் சிலர் இதைச் சொல்லத் தயங்குவதை நான் கவனித்திருக்கிறேன்.

காஸ்ட்ரோ வுவாஸானின் நூலைப் படித்து, அவரை ஹவானாவுக்கு அழைத்தார். பல்கலைக்கழகத்தில் தொடர் விரிவுரைகள் இடம்பெற்றன. பிரதமராயிருந்த காஸ்ட்ரோவும் கேட்க வந்தார். 1964 டிசம்பர் 21ஆம் திகதி மாரடைப்பினால் வுவாஸான் அங்கேயே காலமானார். ஹவானாவின் கொலோன் மயானத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

விருந்தாளியைக் கௌரவித்த அளவுக்கு அவரது விதிகளைக் கியூபா பின்பற்றவில்லை. அதிக பால் தரும் ஹொல்ஸ்டைன் இனத்தின் மீதும் சோவியத் முகாமிலிருந்து வந்த தீவனத்தின் மீதும் அரசாங்கம் நம்பிக்கை வைத்தது. 1982இல் ஊப்ரே பிளாங்கா என்ற பசு ஒரே நாளில் 100 லீற்றருக்கும் அதிகமாகக் கறந்து உலக சாதனை படைத்தபோது, நாடே கொண்டாடியது. 1991இல் சோவியத் யூனியன் கலைந்தது. தீவனம் நின்றது. பால் உற்பத்தி சரிந்தது.

2024இன் ஆரம்பத்தில், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வழங்கும் பால்மாவைப் பெறுவதற்கு உதவுமாறு உலக உணவுத் திட்டத்திடம் கியூப அரசாங்கம் கோரிக்கை விடுத்தது.