வீழ்ந்தோர் சிக்கல்: மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேஜ் திருச்சபை

உயிருக்கு அஞ்சித் தம் நம்பிக்கையை மறுதலித்தவர்கள், பின்னர் மனம் வருந்தித் திரும்பி வந்தால் ஏற்பதா, விலக்குவதா? கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ரோமப் பேரரசின் கிறிஸ்தவர்களைப் பிளவுபடுத்திய கேள்வி இது. மறுதலித்தவர்கள் இலத்தீனில் ‘லாப்சி’, அதாவது வீழ்ந்தோர், எனப்பட்டனர். இன்றைய துனீசியாவில் இருந்த கார்த்தேஜ் நகரில் இக்கேள்வி மிகக் கடுமையாக எழுந்தது.

ஆணையும் சான்றிதழும்

கி.பி. 249இல் அரியணை ஏறிய பேரரசர் டீசியஸ், மக்கள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என ஆணையிட்டார். பலியிட்டு, பலி இறைச்சியைச் சுவைத்தவர்களுக்கு அதிகாரிகள் சான்றிதழ் அளித்தனர். எகிப்தில் இத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை பாப்பிரஸ் ஏடுகளாகக் கிடைத்துள்ளன. தேதி தெரிந்தவை 250 ஜூன், ஜூலை மாதங்களுக்குரியவை. அவற்றுள் ஒன்று முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருவர் பெற்றது. அவரே சான்றிதழ் காட்ட வேண்டியிருந்தது என்றால், ஆணை கிறிஸ்தவர்களை மட்டும் குறிவைத்ததாகக் கொள்ள முடியாது. ஆயினும் அதனால் மனச்சான்று நெருக்கடிக்கு உள்ளானவர்கள் பெரும்பாலும் அவர்களே.

கார்த்தேஜில் கூட்டங்கூட்டமாக மக்கள் பலியிடச் சென்றனர். மாலையாகிவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோதும் இன்றே முடித்துவிடுமாறு சிலர் மன்றாடியதாக ஆயர் சிப்ரியான் வருந்தி எழுதியுள்ளார். சிலர் சாம்பிராணி மட்டும் இட்டனர். வேறு சிலர் பலியிடாமலேயே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினர். ஒரு பெண்ணைக் கணவனே இழுத்துச் சென்று, அவள் கைகளைப் பிடித்துப் பலியிட வைத்தான். நான் செய்யவில்லை, நீங்கள்தான் செய்தீர்கள் என்று அவள் கத்தினாள். அதற்காக நாடு கடத்தப்பட்டாள். இவர்கள் எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க முடியுமா?

தலைமறைவான ஆயர்

தீர்ப்புச் சொல்ல வேண்டிய சிப்ரியான் அப்போது நகரில் இல்லை. துன்புறுத்தல் தொடங்கியதும் தலைமறைவாகி, மறைவிடத்திலிருந்து கடிதங்கள் வழியே சபையை நடத்தினார். ரோமைக் குருக்கள் இதைக் குத்திக்காட்டி எழுதினர். அவர்களுடைய ஆயர் ஃபேபியன் 250 ஜனவரியில் மறைசாட்சியாக இறந்திருந்தார். சபையின் நலனுக்காகவே விலகியிருந்ததாகச் சிப்ரியான் விளக்கம் அளித்தார். விளக்கம் நியாயமானதே. ஆனால் ஓடி ஒளிந்தவர் அஞ்சியவர்களைத் தண்டிக்கிறார் என்ற பேச்சுக்கு அது முற்றுப்புள்ளி வைக்கவில்லை.

இதற்கிடையே, மறுதலிக்காமல் சிறையில் கிடந்தவர்கள் வீழ்ந்தோருக்குப் பரிந்துரைக் கடிதங்கள் வழங்கத் தொடங்கினர். துன்பம் தாங்கியவர்களின் சொல்லுக்குச் சபையில் பெருமதிப்பு இருந்தது. கடிதங்களோ நாளுக்கு ஆயிரக்கணக்கில் பெருகின. இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் சேர்த்துக்கொள்க எனப் பெயர் விவரம் இல்லாமலும் வந்தன. சில குருக்கள் எந்தத் தவமுயற்சியும் கேட்காமல் நற்கருணை வழங்கினர். மன்னிப்பு மலிவாகிவிடும் என்று சிப்ரியான் அஞ்சினார்.

அக்காலக் கடிதம் ஒன்றில் மறக்க முடியாத செய்தி ஒன்று உண்டு. ரோமையில் சிறையிருந்து மீண்ட செலெரினுஸ் என்பவர், வீழ்ந்துவிட்ட தம் சகோதரிகளுக்காக மன்னிப்பு வேண்டி எழுதுகிறார். அவர்களுள் ஒருத்தி பலியிடாமலிருக்கப் பணம் கொடுத்தவள். கார்த்தேஜிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த அறுபத்தைந்து பேரை அப்பெண்கள் துறைமுகத்துக்கே சென்று அழைத்துவந்து பேணினார்களாம். சபையில் இடம் இழந்திருந்த நிலையில் அவர்கள் செய்த பணி அது.

மூன்றாம் வழி

டீசியஸ் 251இல் கோத்தியருடன் நடந்த போரில் இறந்தார். அதே ஆண்டு சிப்ரியான் திரும்பிவந்து ஆயர்களின் மன்றத்தைக் கூட்டினார். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பலியிட்டவர்கள் நீண்ட தவமுயற்சி செய்ய வேண்டும், சாகும் தறுவாயில் அவர்களுக்குச் சபையின் சமாதானம் அளிக்கப்படும் என முடிவாயிற்று. மனைவி மக்களைக் காக்கத் தான் ஒருவனே போய்ப் பலியிட்டவனையும், அவர்களையும் இழுத்துச் சென்றவனையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும் எனச் சிப்ரியான் வாதிட்டார்.

ரோமையில் நொவேசியன் இதை ஏற்கவில்லை. கடவுள் மன்னிக்கலாம், சபைக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது அவர் நிலை. ஆயர் கொர்னேலியுசுக்கு எதிராக அவர் போட்டி ஆயரானார். மீளச் சேர்க்கும் நம்பிக்கையே இல்லையென்றால் யார் தவம் செய்வார்கள் என்பது சிப்ரியானின் மறுமொழி.

ஓரிரு ஆண்டுகளில் கொள்ளைநோய் பரவியது. புதிய துன்புறுத்தலும் நெருங்குவதாகத் தோன்றியது. மீண்டும் கூடிய ஆயர்கள், தவமுயற்சியில் நிலைத்திருந்தோர் அனைவரையும் உடனே சேர்க்க முடிவுசெய்தனர். நற்கருணையின் வலிமை இல்லாதவர்களை மறைசாட்சியத்துக்கு எப்படி அழைப்பது என்று சிப்ரியானே இப்போது கேட்டார். சூழ்நிலை அவரை இளக்கியது என்பதே பொருந்தும். கொள்கை வாதம் பின்னால் வந்தது.

நொவேசியனின் பிரிவு அழியவில்லை. 325ஆம் ஆண்டின் நிசேயா பொதுச்சங்கம், அப்பிரிவினர் திரும்ப விரும்பினால் வீழ்ந்தோரோடு உறவுகொள்ள எழுத்துமூலம் இசைய வேண்டும் என விதித்தது.

சிப்ரியான் 257இல், பேரரசர் வலேரியன் காலத்தில், குருபிஸ் என்ற ஊருக்கு நாடுகடத்தப்பட்டார். மறுஆண்டு கார்த்தேஜுக்கு வெளியே அவர் விசாரிக்கப்பட்டபோது பலியிட மறுத்தார். தலையை வெட்டவிருந்தவனுக்கு இருபத்தைந்து பொற்காசுகள் கொடுக்கச் சொன்னார். 258 செப்டம்பர் 14 அன்று தண்டனை நிறைவேறியது.