மதில் போன கணக்கு

காலை ஆறரை மணிக்கு வடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயைக் குடித்துவிட்டு என்னோடு கிளம்புங்கள். இன்றைக்கு நான்தான் உங்களுக்கு கைடு. ராத்திரி வள்ளலாரின் தருமச்சாலைச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

மாயன் நகரங்களைப் பார்க்க மெக்சிகோ, குவாதமாலா என்று விமானம் ஏறிப் போகிறார்கள். காட்டுக்குள் நிற்கும் கல் பிரமிடைப் பார்த்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: 'இவ்வளவு பெரிய ஊர் எப்படிங்க அழிஞ்சுது?' இதே கேள்வியைக் கேட்க நமக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் பஸ் பயணம் போதும். ஊர், கங்கைகொண்ட சோழபுரம்.

வழியில் சேத்தியாத்தோப்பு. பக்கத்தில் வீராணம் ஏரி. 'பொன்னியின் செல்வன்' முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வருவானே, அதே ஏரிதான்! பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழர் காலத்தில் வெட்டியது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் தேவைப்படும்.

இதோ, கோயில் வந்துவிட்டது. சுமார் 180 அடி விமானம். ராஜேந்திர சோழரின் படை 1023 வாக்கில் கங்கை வரை போய் ஜெயித்துவிட்டு வந்தது. அந்த வெற்றிக்காக எழுப்பிய தலைநகரம் இது. கடாரம் வரை கப்பல் அனுப்பிய சோழ அரசுக்கு சுமார் 250 வருஷம் இதுதான் தலைநகரம்.

"அரண்மனை எங்கே சார்?" என்கிறீர்களா? பக்கத்தில் மாளிகைமேடு என்று ஒரு இடம். தொல்லியல் துறை 1980-களிலும், மறுபடி 2021-லும் தோண்டியதில் செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் கிடைத்தன. மிச்சமெல்லாம்? பாண்டியர்களிடம் சோழர்கள் தோற்ற பிறகு ஊர் தேய்ந்தது. மண்மேட்டில் கிடைத்த செங்கல்லைத் தோண்டியெடுத்து ஜனங்கள் வீடு கட்டிக்கொண்டார்கள்.

சரி, செங்கல் போகட்டும். கோயிலைச் சுற்றி இருந்த கருங்கல் மதில்?

1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார். கல் வேண்டும். பக்கத்தில் 'சும்மா' ஒரு மதில் நின்றது. பெயர்த்தார்கள். ஊர்க்காரர்கள் தடுத்துப் பார்த்தார்கள். கிடைத்தது தண்டனை. 'கல்லுக்குப் பதில் செங்கல்லில் மதில் கட்டித் தருகிறோம்' என்று ஒரு வாக்குறுதி வேறு! அது நிறைவேறவே இல்லை என்று 1855-ல் வந்த ஒரு கெஸட்டியர், அதுவும் இங்கிலீஷில், எழுதி வைத்திருக்கிறது.

வெள்ளைக்காரன் காலம், அப்படித்தான் என்று நினைக்காதீர்கள். மாயன்கள் வாழ்ந்த பெலீஸ் நாட்டில் நோமுல் என்ற இடத்தில் 2,300 வருஷத்துப் பிரமிடு ஒன்று இருந்தது. 2013-ல் புல்டோசரை விட்டு இடித்தார்கள். எதற்கு? ரோட்டுக்கு ஜல்லி போட!

வாருங்கள், கொஞ்சம் தெற்கே போய் அணைக்கரையில் கீழணையையும் பார்த்துவிடுவோம். நான் பி.காம். படித்தவன். வரவு-செலவு பார்க்காமல் இருக்க முடியாது. இங்கே தேங்கும் தண்ணீர் வடவாறு வழியாக வீராணத்துக்குப் போகிறது. 2004 முதல் அங்கிருந்து குழாயில் ஏறி, நம் வடலூருக்குப் பக்கத்து வடக்குத்தில் சுத்தமாகி, சென்னைக்குப் போய்ச் சேர்கிறது. போரூரிலோ வேறெங்கோ நீங்கள் குடிக்கிற டம்ளர் தண்ணீருக்கும் அந்த மதில் கல்லுக்கும் சம்பந்தம் உண்டு.

ஆக, அணை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. வயலும் வேண்டும், குடிதண்ணீரும் வேண்டும். ஆனால் வரவை எழுதினவர்கள் பற்றையும் எழுதியிருக்க வேண்டும் இல்லையா? 'இந்த அணையில் கங்கைகொண்ட சோழபுரத்து மதில் இருக்கிறது' என்று ஒரே ஒரு வரி. இடிந்ததைத் திரும்பக் கட்ட முடியாவிட்டாலும், கடன் யாருக்கு என்றாவது தெரிந்திருக்குமே.

அடுத்த முறை ஒரு பழைய சுவரைக் காட்டி 'சும்மாதானே கிடக்கு' என்று யாராவது சொன்னால், கொஞ்சம் நில்லுங்கள். மதிலைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள்.

கிளம்பலாமா? வடலூர் பஸ் வந்துவிட்டது.